உயிர்த்தெழுதலுக்கு லீவு கிடையாது

கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருக்கிறோம். இன்னும் விடியவில்லை. கையில் மெழுகுவத்தி. மெழுகு சுடாமல் இருக்க அதன் அடியில் டீக்கடைப் பேப்பர் கப். மல்லிகை வாசனையும் பக்கத்துக் கம்பெனியிலிருந்து வரும் பெயின்ட் வாசனையும் கலந்து மூக்கில் ஏறுகிறது.

எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கும் அந்தக் கம்பெனிக்கும் நடுவில் ஒரே ஒரு மதில்தான். மதில்மேல் அவர்கள் போட்டிருக்கும் விளக்கு வெளிச்சத்தில் எங்கள் மெழுகுவத்தி எரிகிறதா, அணைந்துவிட்டதா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். "இருளிலே ஒளி உதித்தது" என்று ஆயர் ஐயா ஈஸ்டருக்கு ஈஸ்டர் அங்கே நின்று சொல்வார். எங்கே அந்த இருள் என்று நாங்களும் ஈஸ்டருக்கு ஈஸ்டர் சுற்றும் முற்றும் பார்ப்போம்.

அப்போதுதான் ஆலயத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கரகரத்து, பாட ஆரம்பித்தது. ஊரையே எழுப்ப வேண்டிய ஈஸ்டர் பாட்டு வர வேண்டிய நேரம். வந்ததோ பெரிய வெள்ளிப் பாட்டு. சிலுவை, ஆணி, இரத்தம், கண்ணீர் என்று இழுத்து இழுத்து அழுகிற பாட்டு.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் நிற்க வைத்துவிட்டு நான் பின்னால் போக வேண்டியிருக்கிறது. மெழுகு சொட்டும், கப்பைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். என் பக்கத்து வீட்டு ஜான்சனைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் காலையைச் சொன்னால் ஒன்றும் விளங்காது.

சாவுக்குக் கூட்டம்

நான் ரூத். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை கொடுத்து ஓய்வு பெற்றவள். அதனால் ஒரகடத்துக்கும் படப்பைக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர். சபையில் பெண்கள் சங்கத்துச் செயலாளர். யாரும் போட்டியிடாத பதவி என்பதால் நெடுங்காலமாக நானே இருக்கிறேன்.

எங்கள் சபைக்கு ஒரு குணம் உண்டு. சாவு என்றால் உயிரை விடுவோம். பெரிய வெள்ளிக்கு மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில் உட்கார இடம் கிடைக்காது. சித்திரை வெயில் நெருங்குகிற நேரம், மின்விசிறி சுடுகாற்றைத்தான் இறைக்கும். அப்படியும் ஒருவர் எழுந்து போக மாட்டார். வெள்ளைப் புடவை கட்டி, முந்தானையால் கண்ணைத் துடைத்து, எல்லாப் பாட்டையும் புத்தகம் பார்க்காமல் பாடுவோம்.

ஈஸ்டர்தான் கொஞ்சம் சிரமம். அதற்குக் கம்பெனிகளும் ஒரு காரணம். பெரிய வெள்ளிக்கு இங்கே பல கம்பெனிகளில் லீவு. ஈஸ்டரோ எப்போதும் ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைக்கும். ஞாயிறு என்றால் கூடுதல் சம்பளத்துக்கு ஓ.டி. வேலை போடுவார்கள். ஆக, ஆண்டவர் மரித்ததற்கு லீவு, உயிர்த்தெழுந்ததற்கு ஓ.டி. எங்கள் சபையில் பல வருஷம் விடாமல் சிலுவைவரை வந்து, கல்லறைக் கதவு திறக்கும் முன் கம்பெனி பஸ் ஏறிப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் கதை வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள் போல.

வருகிறவர்களுக்கும் பாதி மனசு பிரியாணி அண்டாவில் இருக்கும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கயிறு இழுப்பவர்

ஜான்சன் இந்த ஊர்க்காரர். ஒரகடத்துப் பக்கம் ஒரு கார்க் கம்பெனியில் கடைசிப் பரிசோதனை அவர் வேலை. கார்கள் நகர்ந்து வரும் லைனில் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடுமாம். தப்பு ஒன்று கண்ணில் பட்டால் அதைப் பிடித்து இழுக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்து மொத்த லைனும் நின்றுவிடும். சூப்பர்வைசர் ஓடி வருவார், திட்டுவார். அதற்குப் பயந்து பலர் சின்னத் தப்பைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிடுவார்கள். ஜான்சன் விட மாட்டார்.

அந்தப் பழக்கத்தைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வருவாரா என்றால், அதுதான் இல்லை. ஆராதனை முடிந்ததும் பாட்டுக்குழுவிடம் போய், "மூணாவது பாட்டுல பொம்பளைங்க கொரலு பின்னாடியே வந்துகினு இருந்துது" என்பார். ஆயர் ஐயா அறிவிப்பு வாசிக்கும்போது பாதியில் கையைத் தூக்குவார். என் மகள் கல்யாணத்துப் பேனரைப் பார்த்துவிட்டு, வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால், "டீச்சர், மாப்ள படம் சாய்ஞ்சிகினு கீது" என்றவர் அவர்.

மெர்சியிடம் அவர் பேசிய முதல் வார்த்தையே அப்படித்தான். மெர்சிக்குச் சாத்தான்குளம் பக்கம். போன் கம்பெனி வேலைக்கு வந்து ஹாஸ்டலில் இருந்த பெண். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறியிருக்கிறாள். எதிரில் உட்கார்ந்திருந்த இவர், "ஐடி கார்டு தலகீழா மாட்டிகினு கீறம்மா" என்றிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தில் என்னத்தைக் கண்டாளோ, கல்யாணம் பண்ணிக்கொண்டாள். இப்போது ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போகிறது.

ஜான்சனின் வாய் தாங்காமல், "ஆண்டவரே, அந்த மனுஷனுக்குக் கொஞ்சம் அமைதியைக் கொடும்" என்று சங்கத்துப் பெண்கள் பாதி விளையாட்டாக ஜெபித்ததுண்டு. நம் ஜெபங்களில் எது கேட்கப்படும் என்று சொல்லவே முடிவதில்லை. ஒரு புது வருஷம் பிறந்து சில நாளில் அவர் வேலை பார்த்த கார் மாடல் நின்றுபோனது. லைனை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொஞ்ச நாள் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். நாற்பதைத் தாண்டியவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பின்னால் நின்ற பையன்களை உள்ளே கூப்பிட்டார்கள். லெந்து நோன்பு தொடங்கும் சாம்பல் புதனுக்குள் ஜான்சன் படுத்துவிட்டார்.

காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர், படுத்தவர்தான்.

ஆறுதல் ஊர்வலம்

"அக்கா, அவிய எந்திரிக்கவே மாட்டேங்காவ. பேசினா பதிலு இல்ல. நான் ஷிப்டுக்குப் போனா மனசு பூரா இங்கனயே கெடக்கு. என்னத்த நெனச்சிக்கிட்டுக் கெடக்காவளோன்னு பயமா இருக்குக்கா" என்று மெர்சி என்னிடம் அழுதாள்.

எனக்கும் அதே பயம்தான். வெளியில் சொல்லவில்லை. "நீ வேலைக்குப் போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். கீரை ஆய்வதென்றாலும் பூண்டு உரிப்பதென்றாலும் அவர்கள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வேன். உள்ளேயிருந்து ஒரு இருமல் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் பார்த்தோம். வர மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

சபை சும்மா இருக்குமா? லெந்து காலம் வேறு. பன், வாழைப்பழம் சகிதமாக விசாரிப்புக் குழு வந்து இறங்கியது. ஒவ்வொருவரும் தன் சொந்தத்தில் இதைவிட மோசமாகப் போன ஒருவரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒருவரின் மச்சானுக்கு வேலையும் போய், காலும் போயிருந்தது. இன்னொருவரின் சித்தப்பாவுக்கு எல்லாமே போயிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. காலையில் போனில் வேறு, ரோஜாப் பூவும் புறாவும் போட்ட வசனங்கள் அவருக்கு வந்தபடி இருந்தன.

கடைசியில் ஆயர் ஐயா வந்தார். நல்ல மனுஷன், மனசார வந்தார். சகலத்தையும் இழந்தும் பொறுமையாக இருந்த ஒரு பக்தனுக்கு எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைத்த கதையைச் சொன்னார். சுவரைப் பார்த்தபடியே ஜான்சன் வாயைத் திறந்தார்.

"ரெண்டு மடங்கா? எந்த எச்.ஆர். குடுப்பான் ஐயா?"

அத்தோடு சரி. ஆயர் ஐயா ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து எல்லோரும் மோர் குடித்துக்கொண்டிருந்தோம். மெர்சி என்னை வேப்ப மரத்தடிக்குக் கூப்பிட்டாள். அழுகை எல்லாம் வற்றிப்போன முகம்.

"திங்கக்கெழம சாயங்காலம் பஸ்ஸுக்கா. பிள்ளையக் கூட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போறேன். இனி எனக்கு ஏலாது."

"அவரு?"

"அவிய தங்கச்சி வந்து பாத்துக்கிடுதேன்னு சொல்லிருக்கா. பொணத்துக்குக் காவ இருக்க மாதிரி இருக்குக்கா. பிள்ளையும் அப்பா பக்கத்துல போகவே பயப்படுது."

'கிறிஸ்தவ நம்பிக்கை' என்ற தலைப்பில் அந்த மாதம்தான் சங்கத்தில் மைக் பிடித்துப் பேசியிருந்தேன். ஜெராக்ஸ் வேறு எடுத்துக் கொடுத்தேன். வேப்ப மரத்தடியிலோ அவள் டம்ளரை வாங்கி இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

யார் தவறியது?

இப்போது கல்லறைத் தோட்டத்துக்கு வாருங்கள். அழுகைப் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நடந்தது இதுதான். சபைப் பொருளாளர் சாமுவேல் கையில்தான் சவுண்டு. துக்கத்துக்கு ஒன்று, சந்தோஷத்துக்கு ஒன்று என இரண்டு பென் டிரைவ் வைத்திருப்பார். இரண்டும் ஒரே நிறம். இரவு பி ஷிப்ட் முடித்து வந்தவர் வீட்டுக்குப் போகாமல் ஆயரின் உடுப்பு அறைக்குள் படுத்து, எழுந்து, அரைத் தூக்கத்தில் கையில் கிடைத்ததைச் செருகிவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டார். ஆடி மாதம் அம்மனுக்குப் பாடுகிற அதே வாடகைக் குழாய்கள். படப்பைவரை கேட்டிருக்கும்.

இது எங்களுக்கு அப்போது தெரியாது. ஆயர் ஐயா ஏதோ புதுமை செய்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். சங்கத்துப் பெண்கள் ஏதோ கேட்டிருக்கிறார்கள் என்று ஆயர் நினைத்தார். சரி, ஆலயத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பவனி கிளம்பியது. இதில் கொடுமை என்னவென்றால், நாங்கள் கூடவே பாட ஆரம்பித்துவிட்டோம். மனப்பாடமான பாட்டு, வாய் சும்மா இருக்குமா? ஈஸ்டர் பாட்டில் இரண்டாம் சரணத்துக்குப் புத்தகம் தேடுகிற எங்கள் சபை, அன்றைக்கு அந்த ஒப்பாரியை அட்சரம் பிசகாமல் பாடிக்கொண்டு தலையைக் குனிந்து நடந்தது. இரண்டொருவர் அழவே செய்தார்கள்.

காலை ஏ ஷிப்ட் பஸ்கள் எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டன. எப்போதும் ஹாரனில் காதைக் கிழிக்கிற டிரைவர்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து வெள்ளைப் புடவைகள் அழுதுகொண்டு வருவதைப் பார்த்து, ஹாரனே அடிக்காமல் ஊர்ந்து வந்தார்கள். என்னிடம் அங்கன்வாடியில் படித்த பையன் ஒருவன், இப்போது மீசை வைத்த ஆள், ஜன்னலில் தலையை நீட்டினான்.

"இன்னா டீச்சர், யாரு தவறிட்டாங்க?"

நான் என்னத்தைச் சொல்ல? "யாரும் இல்லப்பா, பண்டிகை" என்றேன். அவன் என்னை இன்னும் பாவமாகப் பார்த்தான்.

எங்கள் தெருவுக்குள் திரும்பினோம். ஜான்சன் வீட்டுக் கதவு சுவரில் மோதித் திறந்தது.

கசங்கிய லுங்கி, பனியன், முகம் மூடிய தாடி. போர்வை ஒரு தோளில் இன்னும் தொங்குகிறது. தெரு நடுவில் வந்து நின்று ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கினார். அங்கே இல்லாத கயிறு ஒன்றைப் பிடித்து இழுத்தார். சத்தியமாக நான் பார்த்தேன், இழுத்தார்.

"நிறுத்து! நிறுத்துன்றேன் இல்ல! இன்னா பாட்டுயா இது? வெள்ளிக்கெழமப் பாட்ட ஞாயித்துக்கெழம போட்டுகினு, அதையும் பாடிகினு வரீங்க! இத்தினி பேருல ஒருத்தருக்குக் கூடவா தெரியல? செத்தது முந்தாநாளுயா! இன்னிக்கு அவரு எழுந்துட்டாரு! உயிரோட எழுந்துட்டாருயா!"

ஈஸ்டர் காலையில் ஒருவர் "எழுந்தார்" என்று சொன்னால் பதில் சொல்லிப் பழகிய சனம் நாங்கள். யோசிக்கவே இல்லை. மெழுகுவத்தியைத் தூக்கிப் பிடித்து அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

"மெய்யாகவே எழுந்தார்!"

ஜான்சன் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அப்ப தெரியுது இல்ல? தெரிஞ்சிகினே ஏன்யா அழுதுகினு வரீங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆலயத்துக்கு விறுவிறுவென்று போய், உடுப்பு அறைக் கதவை இரண்டு கையாலும் இடித்தார். "சாமுவேலு! டேய், சாமுவேலு!" பாட்டு பாதியில் நின்றது. தெருமுனையில் நின்ற பஸ்கள் பண்டிகை என்று புரிந்துகொண்டு ஹாரனை அடிக்க ஆரம்பித்தன.

மெர்சி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கணவரைத் தனியே விட மனசில்லாமல் பவனிக்கு வராமல் இருந்தவள். ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது, இன்னொரு கையில் அவருடைய சட்டை. அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். வாரக் கணக்கில் நடக்காத கால் அல்லவா, ஆலயப் படியில் ஜான்சன் உட்கார்ந்துவிட்டார். அவள் சட்டையைப் போட்டுவிட்டாள். நான் மூலையில் நின்று வாய்விட்டு அழுதேன். அதற்கு மட்டும் பாட்டு எதுவும் தேவைப்படவில்லை.

ஆயர் ஐயா தயாரித்து வைத்திருந்த பிரசங்கத்தை ஒரு வரி விடாமல் செய்து முடித்தார். தலைப்பு, 'கல்லைப் புரட்டுகிறவர் யார்?' படியில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

மறுநாள்

இங்கே நான் கதையை முடித்தால் எல்லோருக்கும் வசதி. ஆனால் மத்தியானம் ஜான்சன் வீட்டுக்குப் போனார், மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தார். நான் கொண்டுபோன பிரியாணி மூடியது மூடியபடியே கிடந்தது. எனக்கு வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். "காட்டிட்டுப் பிடுங்கிக்கிறதுக்கு ஏன் காட்டணும்?" என்று ஆண்டவரிடம் சண்டையே போட்டேன். சனிக்கிழமைவரை இருந்த பயம் திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

திங்கட்கிழமை மெர்சி பை கட்டிவிட்டாள். காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கொடியில் காய்ந்த பிள்ளையின் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். எந்த முகத்தோடு போய்த் தடுப்பது? படுத்திருப்பவரோடு வாழ்ந்தது அவள்தான்.

மத்தியானம் என் வீட்டுக் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. ஈரக் கையோடு ஓடித் திறந்தேன்.

மெர்சி நின்றாள். கையில் ஒரு கிண்ணம். மூச்சு வாங்குகிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது.

"அக்கா! கொழம்புல உப்புக் கூடிப் போச்சுன்னு சொல்லுதாவக்கா!"

"யாரு?"

"அவியதான்! எந்திரிச்சு உக்காந்து தின்னாவ. ஒரு வாய் வச்சதும் மூஞ்சச் சுளிச்சிட்டு, 'இன்னாடி இது, வாயில வெக்க முடியல'ன்னு தட்டத் தள்ளுதாவ. இம்புட்டு நாளும் மண்ண அள்ளி வச்சாலும் தெரியாம தின்னாவக்கா. இன்னைக்கு உப்புத் தெரியுதுக்கா அவியளுக்கு!"

வேறொரு நாளாக இருந்தால், "அப்டின்னா நீயே ஆக்கித் துண்ணுன்னு சொல்றதுக்கு என்னாடி" என்று நானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். அன்றைக்குக் கிண்ணத்தை வாங்கி ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, கடல் தண்ணீர்தான். அவசரத்தில் இரண்டு தரம் உப்பைப் போட்டிருக்கிறாள்.

"உப்பு கூடத்தாண்டி" என்றேன். சிரிப்பும் அழுகையும் எனக்கும் சேர்ந்தே வந்தது. இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டோம்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு நினைப்பு வந்தது. "சாயங்காலம் பஸ்ஸு?"

மெர்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"எப்படிக்கா போக? நாளைக்குச் சரியா வைக்கணும்லா."